நான் பூட்டாத நாலாவது ஸ்லைடு

ஒன்பதாம் வகுப்பில் தோற்றதும் ஊரை விட்டுக் கிளம்பினேன். குப்பத்தில் கிரானைட் பாலிஷ், பெங்களூரில் லாரி லோடு, திருப்பதியில் லாட்ஜ் வேலை என்று சுற்றிவிட்டு, கடைசியில் திருப்பதியிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிடிபி கடையில் ஒட்டிக்கொண்டேன். இன்ஜினியரிங் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம். பிராஜெக்ட் செமினாருக்கு ஸ்லைடு போட்டுக் கொடுங்கள் அண்ணா என்று மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆங்கிலம் சரியாக வராத நான் அவர்களுக்கு ஸ்லைடு போட்டுக் கொடுத்தேன். நாலு பேர் சேர்ந்து செய்யும் ஸ்லைடில் ஒருவன் போட்டதை இன்னொருவன் அழித்துவிட்டு, அழித்தது யார் என்று கடை வாசலில் அடித்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. முதலில் ஒரு நகல் எடுத்து வை. பிறகு லிங்க்கை அனுப்பு. அனுப்பும்போது பார்க்க மட்டும் அனுமதி கொடு, திருத்த அனுமதி கொடுக்காதே. வருடக்கணக்கில் தினமும் இதைச் செய்தவன் நான். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அக்கா வீடு விஜயபுரம் பக்கம், நாங்கள் பிறந்த அதே ஊரில். அக்கா மகள் புத்தூர் கல்லூரியில் பிஎஸ்சி இரண்டாம் வருடம் படித்தாள். காலையில் ஊருக்குள் வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கரும்பு. பையன்களுக்கு வண்டி இருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாகப் படிப்பிலிருந்து நின்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அக்கா மகளும் நின்றாள்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிடவில்லை. சித்தூரில் பஸ் வழித்தடம் பற்றி ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்கள், ஊருக்கு ஐந்து நிமிடம், திரையில் காட்டலாம் என்று தெரிந்ததும் எனக்கு போன் செய்தாள்.

"மாமா, நீ ஊரு ஊரா எவனுக்கோ ஸ்லைடு போட்டுக்கினு கீறியே, எனக்கு ஒண்ணு போட்டுத் தா."

லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஏழு ஸ்லைடு போட்டோம். ஊரின் படம், ரோடு, மழையில் தண்ணீர் ஓடும் தரைப்பாலம். நாலாவதுதான் உயிரானது. படிப்பு நின்ற பெண்களின் பெயர், வகுப்பு, கல்லூரி. பதினொரு பெயர். அவள் பெயர் முதலில் இருந்தது.

"பேரு எதுக்குடி? பல பேருன்னு போட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"பல பேருன்னா எவன் நம்புவான் மாமா? பேரு இருந்தாதான் ஆளு இருக்குதுன்னு தெரியும். பஸ் வந்துச்சுன்னா நான் பரீட்சை எழுதிடுவேன். இந்த வருஷம் போனா நைனா என்னைக் கட்டிக் கொடுத்துடுவாரு."

அதிகாரிகளுக்காகத் தெலுங்கில் எழுதிய பெயர்களில் எழுத்து சரியா என்று பார்க்க, லிங்க்கை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பார்க்க மட்டும்தான் வைத்தேன். மறுநாள் டீக்கடையில் பழைய வார்டு மெம்பர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, தொட்டா வேலை செய்ய மாட்டேங்குது? ஊரு மனுவுக்குப் பூட்டா? திருப்பதி உண்டியலா வெச்சிக்கினு கீறே?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "ஊரே இல்லாதவன் ஊருக்குப் பூட்டு போடுறான்யா" என்றார். அது சிரிப்புக்குச் சொன்னதுதான். எனக்கு உள்ளே போய் நின்றது. இருபது வருடமாக அந்த ஊரில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அங்கேயே போனை எடுத்து, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று மாற்றினேன். அதோடு விடவில்லை. எங்கே தொட வேண்டும், எப்படிச் சேர்க்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தேன். அன்று என் டீக்கு நான் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கம் காதுகுத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தாலும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். ஒரு மாமன் முகம் விட்டுப்போனால் அந்த வீட்டோடு பேச்சு நின்றுவிடும். ஸ்லைடிலும் அதேதான் நடந்தது. மறுநாளே வார்டு மெம்பர் கறுப்புக் கண்ணாடியோடு தரைப்பாலத்தின் மேல் வந்து நின்றார். ரோட்டுப் படத்தின் நாலு மூலையிலும் நாலு பேர் கும்பிட்டார்கள். ஒருவர் பேரக்குழந்தையைச் சேர்த்திருந்தார். நானும் அக்கா மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர்கள் சேர்க்க, நான் எடுக்க, அதுவே எனக்கு விளையாட்டாகிவிட்டது. புதிதாக எது வந்திருக்கிறது என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்த எதுவும் போகக்கூடும் என்று நினைக்கவில்லை.

"திங்கக்கிழமை சித்தூரு. சனிக்கிழமையே பூட்டிடு மாமா. ஒரு காப்பியும் எடுத்து வை" என்றாள்.

"சரிடி."

சனிக்கிழமை காலையில் காளஹஸ்திக்கு ஒரு வேன் போனது. கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெரிந்த டிரைவர், வாடா என்றான், ஏறிவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஓர் இடத்தில் நாலு நாள் இருந்தால் கால் தானாகக் கிளம்பும், அவ்வளவுதான். மண்டபத்தில் வயர் பிடித்தேன், சாப்பிட்டேன், ஞாயிறு முழுக்கத் தூங்கினேன். பூட்டுவது நினைவுக்கு வந்தது. சித்தூரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

திங்கட்கிழமை நான் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஊரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா மகள் மைக் முன்னால் நின்றாள். ஊர் ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவு ஓரம் நின்றேன். மூன்று ஸ்லைடு நன்றாகப் போனது. தரைப்பாலத்தைப் பார்த்து அதிகாரி தலையை ஆட்டினார். "எங்க ஊர்ல பதினோரு பொண்ணுங்க படிப்பு நின்னுடுச்சு சார்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு நாலாவதைத் தட்டினாள்.

திரையில் இரண்டு பெயர்தான் இருந்தது.

ஒருத்தியின் அப்பா குவைத்தில் ஒட்டகம் மேய்க்கிறார், அந்தக் குழுவிலேயே அவர் இல்லை. இன்னொருத்திக்கு நைனாவே இல்லை. மற்ற ஒன்பதும் போயிருந்தன. அக்கா மகளின் பெயரும் போயிருந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "இத்தரி கோசம் பஸ்ஸா அம்மா?" இரண்டு பேருக்காகவா என்று.

அவளுக்குப் பதினொரு பெயரும் மனப்பாடம். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "லேது சார், இன்கா..." இல்லை சார், இன்னும் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். எனக்கு அவளைவிட நல்ல தெலுங்கு வரும். கதவிலிருந்து கத்தியிருந்தால்கூடக் கேட்டிருக்கும். ஒன்பது நைனாக்களில் ஆறு பேர் அங்கே இருந்தார்கள். நானும் பேசவில்லை. அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே டீக்கடையில் அக்கா புருஷனைக் கேட்டேன். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன்.

"ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றார். ஒளிக்கவில்லை. "சத்தியவேட்டுல இருந்து பொண்ணு பாக்க வராங்க. படிப்பு பாதியில நின்ன பொண்ணுன்னு சித்தூர்ல பெருசா போட்டுக் காட்டினா எவன்டா கட்டுவான்?"

"பஸ் வேணாமா பாவா?"

"வேணும். அதான் மீதி பத்து பேரு கீதே, என் பொண்ணு ஒருத்தி இல்லன்னா இன்னான்னு நெனச்சேன்."

பக்கத்திலிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றார். மூன்றாவது ஆள் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அக்கா மகள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். புத்தூர் தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சனிக்கிழமை எங்க மாமா போன?"

"காளஹஸ்தி."

"இன்னா வேலை?"

"ஒண்ணும் இல்ல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திருப்பதிக்குத் திரும்பி, கடை கம்ப்யூட்டரில் பழைய திருத்தங்களைப் பார்த்தேன். எந்தப் பெயரை யார் எப்போது எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றும் இருந்தது. எல்லாம் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல். முதலில் எடுத்தது பாவா. அவருடையது போனது தெரிந்து அடுத்தவர், அதைப் பார்த்து அடுத்தவர். ஒரு கிளிக்கில் பதினொரு பெயரும் திரும்பி வந்தன. நகல் எடுத்தேன். பார்க்க மட்டும் என்று மாற்றினேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சத்தியவேட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அமையவில்லை. நாங்கள் கேட்ட பஸ் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் ஊருக்குள் வேறொரு பஸ் வந்தது. தடா பக்கம் புதிதாக வந்த ஒரு செல்போன் கம்பெனியின் பஸ். வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று அவர்களே ஊர் ஊராக அனுப்பினார்கள். கரும்புக்கு நடுவில் அதே ரோட்டில், அதே தரைப்பாலத்தின் மேல், விடியும்போது வந்து நிற்கும். பதினொரு பேரில் ஆறு பேர் அதில் போகிறார்கள். அக்கா மகளும்தான்.

ஒருமுறை ஊருக்குப் போனபோது பஸ் ஏற்றிவிட அவளோடு நடந்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"அந்த ஸ்லைடு இன்னும் கீதா மாமா?"

"கீது. பூட்டி வெச்சிருக்கேன்."

"என் பேரை எடுத்துடு. இப்ப நான் வேலைக்குப் போறவ."

"என்னால முடியாது. உனக்குத் திருத்துற அனுமதி கொடுக்கிறேன், நீயே எடுத்துக்க."

சரி என்று தலையாட்டி ஏறிப் போனாள். அன்றே அனுமதி கொடுத்தேன். எப்போதாவது திறந்து பார்க்கிறேன். இன்றுவரை பதினொரு பெயரும் இருக்கின்றன. அவளுக்கு எடுக்க மனம் வரவில்லையா, அந்தப் பக்கமே வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.