மாடியிலிருந்து ஓர் அழைப்பு

முத்தையாபுரம் பக்கம் வீடுகளுக்கு இணையத்துக்காக சிம் மோடம் மாட்டிக் கொடுப்பது என் வேலை. கப்பலிலிருந்து மகன் வீடியோ காலில் பேசும்போது படம் நின்றுவிடுகிறது என்று ஓர் அம்மா கூப்பிட்டிருந்தார். ஒல்லியான உருவம், நரைத்த கொண்டை. பேசும்போதெல்லாம் மோடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாருமில்லை.

"ரெண்டு ஆண்டெனா வச்சா சரியாயிருமா தம்பி?"

"நம்ம பக்கம் சரியாயிரும்மா. கப்பல்ல சிக்னல் இல்லாட்டி ஒண்ணும் செய்ய முடியாது."

"நம்ம பக்கமாவது சரியா இருக்கட்டும்."

மாடியில் ஆண்டெனாக்களை டவரை நோக்கித் திருப்பி மாட்டினேன். சரிபார்ப்பதற்காக அங்கிருந்தே அவருக்கு வீடியோ கால் போட்டேன். படம் நிற்காமல் வந்தது.

"நல்லாத் தெரியுதிய தம்பி. சாப்ட்டியளா?"

"இனிமேத்தாம்மா."

"அங்கன நின்னா என்ன தெரியுது?"

என் வேலை முடிந்திருந்தது. இணைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. கேமராவைத் திருப்பி, தூரத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.