ஆறு வெள்ளைப் புள்ளிகள்

போரில் விட்டுப்போன தெல்லிப்பழைக் காணிக்குத் திரும்பிவந்து, முள்ளும் செடியுமாய் மண்டிய பற்றை வெட்டுகிறேன். களைப்போடு பழைய வீட்டின் அத்திவாரக் கல்லொன்றைப் புரட்டியதும், ஆறு வெள்ளைப் புள்ளிகளோடு அந்தக் கறுப்பு வண்டு செம்மண்ணில் ஓடியது. கை தானாகக் கண்ணைப் பொத்தியது.

சின்ன வயதில் இதே முற்றத்தில் இதைக் குச்சியால் சீண்டினேன். அது பீச்சிய நீர் கண்ணில் பட்டு எரிந்தது. நான் குழறக் குழற, அம்மா வேலிக்கு மேலால் கத்தினாள்.

"ராசாத்தி, கெதியா ஓடி வா! பிள்ளையின்ரை கண்ணுக்கை பால் விடவேணும்!"

பக்கத்து வீட்டு ராசாத்தியக்கா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். என் தலையை மடியில் சாய்த்து முலைப்பாலைப் பீச்சினாள். இளஞ்சூடாக இருந்தது.

"அழாதை ராசா, இப்ப என்னைத் தெரியுதோ?"

"ஓம்."

வண்டு அடுத்த கல்லின் கீழ் புகுந்துகொண்டது. அதையும் புரட்டத்தான் வேண்டும். வேலி இருந்த பக்கம் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடும் இல்லை.