சுடாத கை

உடையார்பாளையம் பக்கம் ஒரு சப் சென்டரில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி, பிரசவம் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. நான் எழுதுவது, கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் விட்டதைப் பற்றி. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் படிக்கட்டும்.

1. முதல் சீசன்

முந்திரி சீசன் வந்தால் கை வெந்தவர்கள் வரிசையாக வருவார்கள். வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்து உரிந்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் தப்பாது. களிம்பைக் கொடுத்து, கிளவுஸ் போடச் சொல்வேன். "கிளவுஸ் போட்டா பருப்பு முழுசா வராதுங்க" என்பார்கள்.

செல்வி மட்டும் சாம்பல் தொடமாட்டாள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பக்கத்து வீட்டுக்காரி களிம்பு வாங்க வந்தபோது துணைக்கு வந்தவள், தன் வலது கையை நீட்டினாள்.

"எனக்கு எண்ணெ பட்டாலும் சுடாதுங்க நர்சம்மா. கை பழகிடுச்சு."

"அவ கை இரும்புங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கொஞ்சம் பொறாமையோடு.

அதே கையில் முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு வட்டம். என்னவென்று கேட்டேன்.

"தேமலுங்க. தேமல் விழுந்தா அழகுன்னு எங்க மாமியா சொல்லும்."

"அப்ப உனக்கென்னடி கொறைச்சல்" என்று நானும் சிரித்தேன். சுடாத கை, அழகுத் தேமல். இரண்டும் கொடுப்பினை என்றுதான் எனக்கும் பட்டது. உணர்ச்சியில்லாத தேமல் என்றால் தொழுநோயைச் சந்தேகப்படு, பஞ்சால் தொட்டுப் பார் என்று பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொன்னார்கள். பஞ்சு என் மேசையிலேயே இருந்தது. ஒரு நிமிஷ வேலை.

2. அடுத்த சீசன்

சின்னப் பிள்ளைக்கு ஊசி போட வந்த செல்வியின் வலது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருந்தன. "நீட்ட வரமாட்டேங்குதுங்க" என்றாள். போன வருஷத்துத் தேமல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணை மூடச் சொல்லி, "தொட்டா சொல்லு" என்று தேமலின் மேல் பேனா முனையை வைத்தேன். மூன்று முறை வைத்தேன்.

"நீங்க இன்னும் தொடவே இல்லீங்களே நர்சம்மா."

அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தொழுநோய்தான். மாத்திரையில கிருமி செத்துடும் சிஸ்டர், யாருக்கும் ஒட்டாது. ஆனா நரம்பு போயி ரொம்ப நாளாச்சு. வெரலு நிமிரும்னு சொல்லாதீங்க. போன வருஷமே வந்திருந்தா பார்த்திருக்கலாம்."

போன வருஷம் அவள் வந்திருந்தாள். என்னிடம்தான் வந்திருந்தாள்.

மிச்சமிருந்தது தோல் ஒன்றுதான். அதையாவது காப்பாற்றலாம் என்று வாராவாரம் போனேன். தினமும் அரைமணி நேரம் பச்சைத் தண்ணீரில் கையை ஊறவைக்கணும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கணும். ஈரம் துடைக்காமல் தேங்காயெண்ணெய் தடவணும். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடக்கூடாது. கொப்புளம், வெடிப்பு, முள் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கணும். வலி சொல்லவேண்டியதை இனிமேல் கண்தான் சொல்லும்.

செல்வி ஒன்றையும் விடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மாத்திரை முடிந்த மாதம் கையைக் காட்டினாள். புண் இல்லை, வெடிப்பு இல்லை. என் கையைவிட மினுமினுப்பாக இருந்தது.

"தோலு நல்லா இருக்குங்க நர்சம்மா. ஆனா புள்ளய தடவிக் குடுத்தா யாரு கையோ தடவுற மாதிரி இருக்கு."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்தவர்களையெல்லாம் "வலிக்குதா?" என்று கேட்டே காலத்தை ஓட்டினேன். வலிக்கிறவர்கள் தாங்களே வந்துவிடுவார்கள். எனக்கு வலிக்காது என்று எவளாவது பெருமையாகச் சொன்னால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். நான் அதை ஒரு வருஷம் கழித்துச் செய்தேன். செல்வியின் விரல்கள் மடங்கியபடியேதான் இருக்கின்றன.