ஜாக்கி வாங்கும் ஜேனிஸ்

"இதெல்லாம் ஒரு ஜாக்கியா? இத வச்சுக் குழந்த தள்ளுவண்டியத்தான் தூக்கலாம்" என்று சொல்லி, தரையில் இருந்த சிவப்பு ட்ராலி ஜாக்கியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள் ஜேனிஸ் ஓல்ட்ராய்ட். அது கடகடவென்று உருண்டு போய் ஆயில் டப்பாக்களில் முட்டி நின்றது. இங்கிலாந்தின் கீத்லி ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் உதிரிபாகக் கடையில் சில வாரங்களாகச் சனிக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. கடைக்காரன் ரஃபாகத் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடத்தில் அவள் கையால் மதியச் சாப்பாடு வாங்கித் தின்றவன். தாடி நரைக்கத் தொடங்கிய பிறகும் அவளை "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறான்.

ஜேனிஸுக்கு மூக்கு நுனியில் கோபம். டிவியில் மழை வரும் என்று சொல்கிறவரைத் திட்டுவாள், மழை வந்த பிறகு மழையைத் திட்டுவாள். திறக்காத ஜாம் பாட்டில் மூடிக்கும் அவளிடம் வசவு உண்டு. பள்ளிச் சமையலறையில் காரட் வேண்டாம் என்று முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்குத் திட்டு ஒரு கரண்டி விழுந்தால் கஸ்டர்டு இரண்டு கரண்டி விழும். அதனால் பிள்ளைகள் யாரும் பயந்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதலில் அவள் சொல்வது, "சக்கரம் இருக்கிற எதையும் நம்பாதே" என்பதுதான். கொதிக்கிற குழம்பு அண்டாவை ஏற்றிய தள்ளுவண்டி நகர்ந்து ஒருத்தியின் கால் வெந்துபோனதைக் கண்ணால் பார்த்தவள் அவள். சக்கரத்தைப் பூட்டாமல் அங்கே ஒரு தட்டைக்கூட யாரும் தூக்க முடியாது.

அவள் கணவன் ட்ரெவர் நேர் எதிர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன். கொத்தனார் ஒருவரின் பழைய வேனை வாங்கி, கட்டில், அலமாரி, அடுப்பு, தொட்டி எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாக்கி, அதற்கு டாட்டி என்று பெயரும் சூட்டியவன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்காட்லாந்து கிளம்புவதற்கு முன் டாட்டியின் அடியில் படுத்து அவனே எல்லாம் பார்ப்பான். போன மாதம் அப்படிப் படுத்திருந்தவன் ஸ்பேனர் எடுக்க வெளியே வந்தான். வந்த அதே நொடியில் வேன் ஜாக்கியை விட்டு வழுக்கித் தரையில் இடித்தது. அலமாரியில் இருந்த தட்டெல்லாம் சுக்குநூறு. ட்ரெவர் அதைப் பப்பில் கதையாகச் சொன்னான். தட்டுதான் போச்சு, நான் போகலை என்றதும் மேசையே சிரித்தது. ஜேனிஸ் பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு மழையில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரே பேச்சுதான். ஜாக்கியை அவள்தான் வாங்குவாள். வாங்கும்வரை டாட்டியின் அடியில் பூனைகூடப் போகக்கூடாது.

இரண்டு டன் ஜாக்கி போதும், வேனோடு வந்த புத்தகத்தில் எடை போட்டிருக்கிறது என்றான் ட்ரெவர். கட்டிலும் அலமாரியும் இருப்பது புத்தகத்துக்குத் தெரியுமா என்று கேட்டாள் அவள். தொட்டி நிறையத் தண்ணீர், கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலி, பீன்ஸ் டின்கள், போதாததற்கு ட்ரெவரையும் உள்ளே உட்காரவைத்து, பழைய இரும்புக் கடை எடைமேடையில் வேனை ஏற்றினாள். புத்தகத்தில் போட்டிருந்ததைவிட எடை எக்கச்சக்கம். அவர்களிடம் இருந்த, காருக்கான குட்டை ட்ராலி ஜாக்கி வேனின் உயரத்துக்கு எட்டாது என்று அவன் அதன் தலையில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வந்தான். அந்தக் கட்டையை அவள் அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள்.

இந்தச் சனிக்கிழமை ரஃபாகத் உள்ளேயிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூன்று டன். கட்டை எதுவும் வைக்காமலே உயரம் எட்டும். தலை அகலமாக, ரப்பர் பதித்து இருந்தது. கூடவே, தூக்கிய வண்டியை இறக்கி நிறுத்த ஒரு ஜோடி இரும்பு ஸ்டாண்டு. ஜேனிஸ் குனிந்து, தட்டி, ஏறி நின்று பார்த்தாள். திட்ட ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் பழைய ஜாக்கியைப் பேச்சுக்கு இழுத்தாள்.

"அந்தச் சனியனுக்கு நான் என்ன குறை வச்சேன்? ஓடிடக் கூடாதுன்னு அதோட சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் என் கையாலதான் செங்கல் வச்சேன். அப்பவும் வழுக்கிடுச்சு."

ரஃபாகத் டீயைக் கீழே வைத்தான். "ஜாக்கி சக்கரத்துக்கா, மிஸ்?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புது ஜாக்கியின் பிடியை மேலும் கீழுமாக மெதுவாக அடித்துக் காட்டினான். "தலை ஏற ஏற வளைஞ்சு பின்னால வருது பாருங்க. வேன் நகராது. அப்ப ஜாக்கிதான் உருண்டு அடியில போகணும். அத மறிச்சா தலை வழுக்கிடும். செங்கல் வேன் சக்கரத்துக்கு, மிஸ். இதுக்கு இல்ல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது வெறும் குரங்கோடு நிற்கும். இது பிணத்தில் முடிந்திருக்கும். ஜேனிஸ் ஜாக்கியையும் ஸ்டாண்டுகளையும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் திட்டாமல் கடையை விட்டுப் போனதை ரஃபாகத் அன்றுதான் பார்த்தான்.

வீட்டில் அதற்கும் சேர்த்துத் திட்டினாள். கதவு, படி, கெட்டில், பக்கத்து வீட்டுப் புறா எதுவும் தப்பவில்லை. திட்ட வேண்டிய ஆள் தானே என்று தெரிந்த பிறகு கோபத்துக்கு இறங்க இடமில்லாமல் போய்விட்டது. ட்ரெவரிடம் அன்று சொல்லவில்லை. சொல்லாமல் ராத்திரி தூங்கவும் இல்லை.

மறுநாள் காலை ட்ரெவர் புது ஜாக்கியை டாட்டியின் அடியில் தள்ளினான். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் கைக்கொன்றாய் இரண்டு செங்கலோடு வந்தான்.

"இந்தா, உன் செங்கல். வைக்கலேன்னா கத்துவே" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான்.

"வைக்காதே." குரல் உடைந்து வந்தது. அந்தக் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை, கத்தினாள். "அந்தச் செங்கல்தான், ட்ரெவர், வேனைத் தள்ளிச்சு. ஜாக்கி உருளணுமாம். நான் மறிச்சு வச்சுட்டேன். உன்னக் கொன்னுருப்பேன், மடையா. என் கையாலயே கொன்னுருப்பேன். நீ அதப் போய்ப் பப்ல சொல்லிச் சிரிச்சே."

ட்ரெவர் சிரிப்பை விட்டுக் கையிலிருந்த செங்கல்களைப் பார்த்தான். பிறகு எங்கே வைக்கணும் என்று கேட்டான். அவள் வேனின் முன்சக்கரத்தைக் காட்டினாள். அவன் பின்பக்கத்தைத் தூக்கத் தூக்க, ஜாக்கி அங்குலம் அங்குலமாக உள்ளே உருண்டு போனது. ஸ்டாண்டுகளை வைத்து, வேனை அவற்றின் மேல் இறக்கினான். ஜேனிஸ் தோளைக் கொடுத்து வேனை முட்டித் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு தரம் முட்டினாள்.

ட்ரெவர் அட்டையை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தான். ஜேனிஸ் ஈரத் தரையில் மண்டியிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். விடு, இப்படிப் பிடிச்சா எப்படி வேலை பார்க்கிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் துருவைத் திட்டினாள், ஸ்காட்லாந்தைத் திட்டினாள், வேனுக்கு டாட்டி என்று பெயர் வைத்தவனைத் திட்டினாள். பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.