ஊருக்கே இருந்த புரொகிராம்

பக்கத்து வீட்டு லெயோனிதெஸ் அரசாங்க ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைகிறவர். பேச்சு அவருக்கு வராது. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி மிக்தாலியா பேசினாள். தெருவுக்கும் சேர்த்தே பேசினாள். போன மழைக்காலத்தில் அவள் இறந்தபோது மனிதர் அழவில்லை. புதைத்துவிட்டு வந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்கும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச, கியூபாவின் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஹிபாராவில் ஆட்கள் உண்டு. எனக்கு அவர்கள்மேல்தான் எரிச்சல். மரத்துப்போன கையைக் கிள்ளிவிட்டு, ஏன் கத்தவில்லை என்று கேட்கிற ஜனங்கள்.

அவருடைய கம்ப்யூட்டரில் மிக்தாலியாவின் வீடியோ ஒன்று இருந்தது. சமையலறையில் கறுப்பு அவரையைப் பொறுக்கியபடி, மாவு ஒட்டின செருப்போடு உள்ளே வந்ததற்காக அவரைத் திட்டுகிறாள். அவளுடைய அக்கா மகன் விளையாட்டாக எடுத்தது; எடுத்த கைபேசி அப்புறம் கடலில் விழுந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் லெயோனிதெஸ் அதைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். சுவர் வழியாக எனக்கும் கேட்கும். "உன்னையெல்லாம் எந்த ஆத்தா வளர்த்தா?" என்று அவள் கத்துவாள், கூடவே இவருடைய கரண்டிச் சத்தம். திட்டு வாங்கினால்தான் மனிதருக்குச் சோறு இறங்கியது.

சில மாதங்களில் மிஷின் திணற ஆரம்பித்தது. அவள் பாதித் திட்டில் நின்று நின்று பேசினாள். பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தவர், பழக்கமில்லாத ஒரு பெயரைக் கண்டார்: வின்ட்ரே. நான் கம்ப்யூட்டர் பழுது பார்த்தே பிழைக்கிறவன், ஒரு சுவர் தள்ளி இருக்கிறேன். ஆனால் டோமினோ ஆட்டத்தில் கள்ளம் செய்தேன் என்று அவருக்கு என்மேல் கோபம். நான் செய்யவில்லை, அது வேறு கதை. அவர் யோர்தாங்காவிடம் போனார்.

யோர்தாங்கா வாரப் பொதி கொண்டுவருகிறவள். இணையம் எட்டாத எங்கள் தெருவுக்குத் தொடர்கள், பந்தாட்டம், பாட்டு எல்லாம் ஹவானாவிலிருந்து ஒரு டிஸ்கில் வரும். அதை வீடு வீடாகச் செருகி நகல் எடுத்துத் தருவாள். நல்ல பெண், வாய்தான் எட்டூருக்குக் கேட்கும்.

"இது என்னன்னு பாரும்மா. நல்லதா, கெட்டதா?"

"அட மாமா, என் மிஷின்லயும் இதான் ஓடுது. நான் என்ன செத்தா போயிட்டேன்? வேணும்னா நாலு வீட்ல கேட்டுப் பாருங்க."

கேட்டார். பெயரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு தெருவில் ஏறி இறங்கினார். வாத்தியார் வீட்டில் இருந்தது. முடிவெட்டுகிறவர் வீட்டில் இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் புரொகிராமையும் இப்படித்தான் சோதிப்பார்கள்: அடுத்தவனிடமும் இருந்தால் நல்லது. எல்லாருக்கும் கிடைத்ததுதான் நமக்கும் கிடைத்ததென்றால் அதில் வில்லங்கம் இருக்காது என்பது, ரேஷன் வரிசையில் நின்றே வளர்ந்த புத்தி. எல்லா மிஷினும் ஒரே டிஸ்கில் தின்றவை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. "ஊருக்கே இருக்கு" என்று நிம்மதியாகத் திரும்பி வந்து, அதை ஓடவிட்டார்.

ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் திட்டுச் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. அப்புறம் அவரே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"நிவால்தோ, அவ பேச மாட்டேங்கிறா."

டோமினோவை மறந்து உள்ளே கூப்பிட்டேன். ஒரு புரொகிராம் நல்லதா என்று ஊரைக் கேட்கக் கூடாது. அது டிஸ்கில் எங்கே குடியிருக்கிறது, என்றைக்கு வந்தது, எது அதை எழுப்பிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது மாதிரி வின்ட்ரே என்ற கௌரவமான பெயரை வைத்துக்கொண்டு, அது குப்பைக் கோப்புகளுக்கு நடுவில் பதுங்கியிருந்தது. வந்த தேதி, பொதி வந்த ஒரு நாள். வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததன் மேலேயே வெறும் பூஜ்யங்களை எழுதிவைத்திருந்தது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அழித்ததைத் தோண்டி எடுக்கலாம். மேலே எழுதிவிட்டால் தோண்ட ஒன்றுமில்லை. தெரிந்த வழியெல்லாம் பார்த்துவிட்டேன்.

"போயிடுச்சுண்ணே. ஒண்ணும் மிஞ்சல."

"சரி," என்றார். கொஞ்சம் கழித்து, "காபி இருக்கா?"

கொடுத்தேன், குடித்தார். முகத்தில் எதுவும் இல்லை. எனக்குத்தான் அழுது தொலையேன்யா என்று அவர்மேல் கோபம் வந்தது.

மிஷினைச் சுத்தம் செய்து அவர் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது யோர்தாங்கா வந்தாள். டிஸ்கை அவள் கையிலிருந்து பிடுங்கி, என் வீட்டுக்குக் கொண்டுபோய் அதிலிருந்த வின்ட்ரேயையும் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுதும் போச்சா மாமா? தெரு முழுக்க இதே பாட்டுதான். விடுங்க, தொடர் எல்லாத்தையும் மறுபடி கொண்டாந்துட்டேன். எது போச்சோ சொல்லுங்க, போட்டுத் தரேன்."

சுவரில் மாட்டியிருந்த மிக்தாலியாவின் படத்தை நான் கண்ணால் காட்டினேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் டிஸ்கைச் செருகாமல் நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

"மாமா... நான்தானே நல்லதுன்னு சொன்னேன்."

"நீ சொல்லாட்டி வேற யாராவது சொல்லியிருப்பாங்க," என்றார் அவர்.

லெயோனிதெஸ் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கரண்டியைக் கையில் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"இடம்தான் காலியா இருக்கே," என்றார். "எதையாவது போடும்மா. யாராவது சத்தம் போடுற மாதிரி ஒண்ணு. சாப்பிடணும்."