செங்கல் வண்டியில் ஏறிய பூசணிக்காய்

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் வண்டி ஓட்டும் கன்னையாவுக்கு இந்த உலகத்தில் சண்டை என்று ஒன்று இருந்தால் அது அவருடைய இடது மாட்டோடுதான். மனிதர்களோடு அவர் தகராறுக்குப் போனதில்லை. சூளை முதலாளி குரலை உயர்த்தினால் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டுவார். கட்டி முடிப்பதற்குள் முதலாளிக்குக் கோபம் தீர்ந்திருக்கும். இப்படிப்பட்டவரைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவதற்கு ஒரு மோட்டார் கார் வர வேண்டியிருந்தது.

பச்சைக் கார். பின்னாலிருந்து வந்து வண்டியின் வலது சக்கரத்தில் மோதி, அச்சை முறித்து, தன் விளக்கு ஒன்றையும் உடைத்துக்கொண்டு கிள்ளான் சாலையில் போயே போய்விட்டது. காரோட்டி ஒருமுறை திரும்பிப் பார்த்தானாம். பார்த்தது கன்னையாவையா, தன் காரின் பெயிண்டையா என்பது அவனுக்கே வெளிச்சம். மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செங்கல்தான் சாலை முழுக்க.

போலீஸ்காரர் வந்தார். ஓடிப்போன காரை அவர் எங்கே தேடுவார்? ஓடாத வண்டி கண்முன்னே கிடந்தது. சாலையை அடைத்துக் கிடக்கிற வண்டி சாலைக்கு லாயக்கில்லாத வண்டி என்று சொல்லி, அதன் நம்பர் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். இடித்தது வேறு வண்டி என்று ஸ்டேஷனில் நிரூபித்தால் தகடு திரும்பக் கிடைக்கும். தகடு இல்லாத வண்டியைச் சூளைக்குள் விடமாட்டார்கள். அதன் பிறகு கன்னையா வண்டிக்காரர் இல்லை. இரண்டு மாட்டுக்குச் சும்மா தீனி போடுகிறவர்.

ஓடி வந்த பெண்சாதி மாரியாயியிடம், "நான் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரேன், நீ ஆகவேண்டியதப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு, "காரின்ட நம்பரைச் சொல்லும்" என்றார்.

"அது பின்னால இருந்து வந்துச்சுங்கய்யா."

"தாண்டிப் போகேக்க பின்பக்கம் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சிருக்கும். அப்ப நான் செங்கலுக்கு அடியில கெடந்தேன்."

"சரி. உம்மட வண்டியில விளக்கு இருந்ததோ?"

"காலையிலங்கய்யா. சூரியன் இருந்துச்சு."

"சூரியனை விடும். விளக்கு இருந்ததோ?"

விளக்கு இருந்தது. அதில் எண்ணெய் இருந்ததா, மாட்டுக்கு லாடம் இருந்ததா, பாரம் அளவோடு இருந்ததா, வண்டிக்காரர் தூங்காமல் இருந்தாரா? இல்லாத காரைப் பற்றிக் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. இருக்கிற வண்டியைப் பற்றிக் கேட்க மதியம் வரை இருந்தது. தானும் ஓடிப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று கன்னையாவுக்குத் தோன்றியது. மாட்டை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

"கார்தான் இடிச்சது எண்டு காட்ட ஏதும் கிடக்கோ?"

"சக்கரத்துல அந்தப் பச்சை பெயிண்டு ஒட்டியிருக்குங்க. ரோட்டுல அதோட வெளக்குக் கண்ணாடியும் கெடக்கு."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? இன்ஸ்பெக்டர் துரை வந்து பார்த்தால் தகடு உம்மட கையில. அதுவரைக்கும் ஒண்டிலயும் கை வைக்கப்படாது."

"யாருங்க வெக்கப் போறா?"

மாரியாயி வைத்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட வண்டியைத் திருஷ்டி கழிக்காமல் பூட்டினால் அடுத்த அடி மாட்டுக்கு, அதற்கடுத்தது ஆளுக்கு. இது தெரியாத தமிழர் பிரிக்பீல்ட்ஸில் உண்டா? சக்கரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். ஒட்டியிருந்த பச்சை லேசில் போகவில்லை. சாம்பல் போட்டு விடாமல் தேய்த்தாள், போயிற்று. மேலே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். மாட்டுக் குளம்பில் குத்துமே என்று கண்ணாடித் துண்டுகளை வாரிச் சாக்கடையில் போட்டாள். கடைசியாக ஒரு பெரிய பூசணிக்காயைத் துளைத்து உள்ளே குங்குமத்தைக் கொட்டி, வண்டியைச் சுற்றி, நடு ரோட்டில் போட்டு உடைத்தாள்.

துரையோடும் கிராணியோடும் வந்து சேர்ந்த கன்னையா பார்த்தார். சக்கரம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"இதத் தொட்டியா புள்ள?"

"நீங்கதானே ஆகவேண்டியதப் பாருன்னீங்க?"

"அந்தப் பச்சை எங்க?"

"அந்த அழுக்கா? சுத்தமாப் போயிருச்சு. எனக்குக் கைதான் எரியுது."

சாலையில் சிவப்பாகக் கிடந்ததைக் கண்ட துரை தொப்பியைக் கழற்றி, செத்தது யார் என்று கேட்டார். பூசணிக்காய் என்றதும் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பூசணிக்காய் நடு ரோட்டுக்கு எப்படி வந்தது? கார்த்திகேசு வீட்டிலும் திருஷ்டி கழிப்பார்கள். அதை இங்கிலீஷில் துரையின் முகத்துக்கு நேரே சொல்லுகிற தைரியம்தான் அவருக்கு இல்லை. "வண்டியிலிருந்து விழுந்தது, சேர்" என்று முடித்துவிட்டார். துரை எழுதினார்: கார் வந்ததற்கு அடையாளம் இல்லை, செங்கலுக்கு லைசென்ஸ் வாங்கிய வண்டியில் காய்கறி ஏற்றியிருக்கிறார்கள்.

"ஏங்கய்யா, செங்கலோட பூசணிக்காய எவனாச்சும் ஏத்துவானா?"

"இனிக் கதைச்சுப் பிரயோசனமில்லை. எழுதியாச்சு."

அச்சு மாற்றியாயிற்று. தகடு வரவில்லை. கன்னையா காலையில் சூளைக்குப் போகிற நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். உட்காருவார், தலைப்பாகையைக் கட்டுவார், எழுந்து வருவார். அடையாளத்தைக் கழுவவிட்டதில் கிராணிக்கு வந்த கோபம் மட்டும் தீர்கிற வழியாக இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு காரோட்டி புகார் கொடுக்க வந்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு செங்கல் வண்டி தன் முதலாளியின் பச்சைக் காரில் மோதி விளக்கை உடைத்துவிட்டதாம். உடைந்த விளக்குக்கு முதலாளி அவனிடம் பணம் கேட்கிறாராம்.

கன்னையா துள்ளி எழுந்தார். "அந்த வண்டி நம்மளுதுதாங்க தம்பி. ஐயா, எழுதிக்குங்க, இவரு காருதான்."

காரோட்டி இரண்டடி பின்வாங்கினான். குற்றவாளி இவ்வளவு பிரியமாக எதிரே வருவான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கார் கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது புகார் வண்டியின் மேல். வழக்கு எழுத வண்டிக்கு நம்பர் வேண்டும். தகடு இல்லாத வண்டி சட்டத்தில் வண்டியே இல்லை. கார்த்திகேசு பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் திறந்து, தகட்டை எடுத்து நீட்டினார்.

"கொண்டு போய்ப் பூட்டும். கூப்பிடேக்க கோர்ட்டுக்கு வர வேணும்."

"கேசுல தோத்துருவேனாய்யா?"

"கார்க்காரர் வக்கீல் வைப்பார். தோற்பீர்."

"அதுவரைக்கும் கல்லு ஏத்தலாமில்ல?"

"ஏத்தும், ஏத்தும். போம்."

கன்னையா தகட்டை இடுப்பில் செருகினார். காரோட்டிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, மாடு பூட்ட நடந்தார்.