குழுவில் இல்லாத கவிதா

நான்காம் படிவத்தில் கணிதத்தில் நான்தான் முதல் மாணவி. திகாம் பத்து என்ற ஊரிலிருந்து கவிதா எங்கள் பள்ளிக்கு மாறி வந்ததும் அந்த இடம் பறிபோனது. அவள் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறெரியும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. அவளை மட்டும் சேர்க்கவில்லை. அதனால் கணிதச் சோதனை முன்னதாகவே நடக்கப்போவது அவளுக்குத் தெரியாமல் போனது. அந்த முறை நான் முதலிடம்.

"குரூப்ல மெசேஜ் பாக்கலையா?" என்று ஆசிரியை அவளைக் கேட்டபோது, மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"போன் ரோசாக் ஆயிடுச்சு டீச்சர், ஆன் ஆகவே மாட்டேங்குது," என்றாள் கவிதா.

இடைவேளையில், "ஏன்டி என்னைக் காட்டிக் கொடுக்கல?" என்று கேட்டேன்.

"கொடுத்தா அப்புறம் யாரும் என்கூட பேச மாட்டீங்க லா. இப்பவே தனியாத்தான் சாப்பிடுறேன்."

அன்று அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பொறாமை போய்விடவில்லை, அடுத்த சோதனையிலும் அவளே முதல். ஆனால் நான் வயிறெரிந்த அத்தனை நாளும், தோழிகளோடு சிரித்துச் சாப்பிட்ட என்னைப் பார்த்து அவளும் ஏங்கியிருக்கிறாள். அன்றுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.